இரண்டு விரற்கடை

ஒரு ரவிக்கை மட்டும் போட்டுவிட்டால் போதும், மற்றபடி படத்தில் ஒரு குறையும் இல்லை என்று சேனாதிபதி சொன்னபோது, கந்தவேல் ஏணியின் மூன்றாம் படியில் நின்று மேகத்தின் ஓரத்தைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார். காதில் விழாதது போலத் தொடர்ந்து ஒற்றினார். ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதனுக்குக் காது மந்தமாவது ஒன்றும் அதிசயமில்லை. வேண்டாத பேச்சு வரும்போது மட்டும் மந்தமாகிற காது கந்தவேலுக்கு இருபது வயதிலேயே வாய்த்திருந்தது. ஆனால் சேனாதிபதி பழனியில் பஸ் விட்டுப் பணம் பண்ணியவர். மக்கர் பண்ணுகிற வண்டியையும் மலையேற்றிப் பழகிய ஆள். ஏணிக்கு நேர் கீழே வந்து நின்றுகொண்டு, அதே வார்த்தைகளை அதே மரியாதையோடு இன்னொரு தடவை சொன்னார்.

அது 1963, சித்திரை பிறந்து ஒரு வாரம். கொடைக்கானல் ஏரிக்கு மேலே சரிவில் சேனாதிபதி கட்டியிருந்த புது ஹோட்டல் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பதாக இருந்தது. இன்று செவ்வாய். சாப்பாட்டு ஹாலின் நீளச் சுவரில் பன்னிரண்டடிக்கு ஏழடிச் சட்டத்தில் படம் ஏறிவிட்டது. ஏரியைப் பார்க்கத்தான் ஜனங்கள் மலைக்கு வருகிறார்கள் என்பதால் படத்திலும் ஏரி இருந்தது. வலது மூலையில், ஒரு தாம்பாளம் அளவுக்கு. தைல மரங்கள் இருந்தன, மேகம் இருந்தது. அத்தனையையும் பின்னால் தள்ளிவிட்டு, முதுகில் உருளைக்கிழங்கு மூட்டையோடு ஒரு கிழவி ஏறி வந்துகொண்டிருந்தாள். இன்னும் இரண்டு எட்டு வைத்தால் சாப்பாட்டு மேசைமேல் கால் வைத்துவிடுவாள். முந்தானை மார்பைச் சுற்றி வந்து இடுப்பில் இறுகியிருந்தது. மேல்மலையில் அந்த வயதுப் பெண்கள் கட்டுகிற கட்டு அதுதான். மூட்டையைப் பிணைத்த கயிறு வலது தோளின்மேல் ஏறி அவள் கைப்பிடிக்குள் முடிந்தது. தோளில் துணி கிடையாது. கயிறு கிடக்கிற இடத்தில், நுகம் பட்ட மாட்டுக் கழுத்துப் போல, தடித்துக் கறுத்த ஒரு காய்ப்பு.

அந்தக் காய்ப்பை எழுத மட்டும் அவருக்குப் பதினோரு நாள் ஆனது. பன்னிரண்டு வருஷம் என்று சொன்னாலும் பொய்யில்லை.

சேனாதிபதி கெட்டவர் இல்லை. இந்தக் கதையில் கெட்டவர் என்று யாருமே இல்லாததுதான் கந்தவேலுக்குப் பெரிய தொந்தரவு. மூன்று மாதத்துக்கு முன்னால் அவர் வந்து படம் கேட்டபோது கந்தவேல் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கொடைக்கானல் ஏரியைத் தான் எத்தனை தடவை எழுதினோம் என்று அந்த ஏரிக்கே தெரியாது, இனி வெறும் ஏரி எழுதுவதாக இல்லை, மனுஷாளை எழுதுவதானால் சுவரைக் கொடுங்கள் என்றார். என்ன மனுஷாள் என்று கேட்டார் சேனாதிபதி. மலைக்காரப் பொம்பளை ஒருத்தி என்றார் இவர். சேனாதிபதிக்கு முகம் மலர்ந்துவிட்டது. நாள்காட்டிகளில் பூக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தலை சாய்த்துச் சிரிக்கிறாளே, அவளைத்தான் அவர் நினைத்துக்கொண்டார். மலைக்காரப் பொம்பளை என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு பேரும் இரண்டு ஆளை வைத்துக்கொண்டு கைகுலுக்கிப் பிரிந்தார்கள்.

கந்தவேல் பிறந்தது பழனி அடிவாரத்தில். அப்பா பொன்னுச்சாமி, தகரத்தில் எழுதிய சாமி படங்களை யாத்திரைக்காரர்களுக்கு விற்று வந்தார். தைப்பூசத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே வீடு முழுக்க ஆண்டவர் காய்ந்துகொண்டிருப்பார். திண்டுக்கல் வியாபாரி வாங்கிப் போகிற ஆண்டவர், பொள்ளாச்சிக்குப் போகிற ஆண்டவர், எல்லோருக்கும் ஒரே முகம், ஒரே முழங்கால். பதினேழு வயதில் கந்தவேல் எழுதிய ஆண்டவருக்கு மட்டும் முழங்காலில் தோல் தடித்துச் சுருங்கியிருந்தது. படிக்கட்டில் முட்டி போட்டு ஏறுகிறவர்களின் முழங்காலை அவன் ஒரு வாரமாகக் கீழே உட்கார்ந்து பார்த்திருந்தான். வாங்கிப்போன வியாபாரி மூன்றாம் நாளே அவன் எழுதிய பதினைந்து படங்களையும் திருப்பிக் கொண்டுவந்தார், சாமி சீக்காளி மாதிரி இருக்கிறார் என்று. மலையேறி வந்து நிற்கிற ஆண்டிக்கு முட்டி தேயாதா என்று மகன் நியாயம் கேட்டான்.

"ஏலே, சாமிக்கு முட்டி தேஞ்சா நம்ம பொழப்பு தேஞ்சிரும்லே," என்றார் பொன்னுச்சாமி. "நீ உருப்படமாட்டே."

உரு எழுதுகிறவனைப் பார்த்து உருப்படமாட்டாய் என்று சொன்னால் ரோஷம் வராமல் இருக்குமா? கந்தவேல் மலைமேல் ஏறியவன்தான், பிறகு சாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே கீழே இறங்கினான். கொடைக்கானல் பஜாரில் கடைப் பலகைகள் எழுதினார். வெள்ளைக்காரத் துரைசானிகள் ஊருக்கு எடுத்துப் போக ஏரியும் படகும் எழுதிக் கொடுத்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் கிழிந்துபோய்க் கழித்துக் கட்டிய எலும்புக்கூட்டுப் படம் ஒன்றைக் கெஞ்சி வாங்கி வந்து வீட்டுச் சுவரில் மாட்டினார். சிவபாக்கியம் கல்யாணமாகி வந்த முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். இரண்டாம் நாள் அதன் நெற்றியில் விபூதி பூசினாள். ஒரு வருஷம் போனபின் அதன் ஆணியில் முறத்தை மாட்டிக்கொண்டாள். புருஷன் விருப்பப்பட்டு எழுதுகிறதெல்லாம் காசுக்கு ஆகாத ஆட்கள் என்பது அவளுக்கு வந்த மாதமே விளங்கிவிட்டது. குதிரைக்காரன், மண்ணெண்ணெய் வரிசையில் நிற்பவள், கிராமபோன் கடை வாசலில் தூங்குகிறவன், அவளேதான் அரிசி புடைக்கக் குந்தியிருக்கும் கோலத்தில் நூறு விதமாக. எல்லோரும் சுருட்டிக் கட்டிப் பரணில் கிடந்தார்கள். இப்படி ஒரு கூட்டத்தைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டு தூங்குகிறவள் ஊரில் நான் ஒருத்திதான் என்பாள்.

பஜாரில் இருந்த ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்காக அவர் பார்த்த வேலை ஒன்று உண்டு. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசமாட்டார். நாலு காசு பார்த்த மகன்கள், செத்துப்போன தாயாரின் ஒரே போட்டோவைக் கொண்டுவருவார்கள். பெரிதாக்கி, சட்டம் போட்டு, புது வீட்டு ஹாலில் மாட்டவேண்டும். ஆத்தாள் ரவிக்கை போட்டிருக்கமாட்டாள். அந்தக் காலத்தில் யார் போட்டார்கள்? மகனுக்குப் புது வீட்டுக்கு வருகிறவர்கள் பார்ப்பார்களே என்று கூச்சமாக இருக்கும். ஒரு ரவிக்கை போட்டுவிடுங்கள், அப்படியே கழுத்தில் இரட்டை வடச் சங்கிலியும் என்று தலையைச் சொறிவார்கள். கந்தவேல் மெல்லிய தூரிகையால் போட்டுவிடுவார். பச்சையா நீலமா என்று மட்டும் கேட்பார். காட்டில் களையெடுத்த தோள்களும், தண்ணீர் இறைத்த தோள்களும், பிள்ளை தூக்கிய தோள்களும் அரை மணி நேரத்தில் வழவழவென்று ஆகிவிடும். நாற்பது தாய்மார்களுக்கு மேல் அப்படி ரவிக்கை போட்டிருப்பார். ஒவ்வொருத்திக்கும் போடும்போது, வீட்டுக்கு வந்தவளை அவமானப்படுத்தி அனுப்புவது போல அவருக்கு இருக்கும். போட்டுவிட்டுப் போய் அரிசி வாங்குவார்.

படத்தில் இருக்கிற பாப்பம்மாளை அவர் முதலில் பார்த்தது 1951இல், பெருமாள்மலையில். டீக்கடை ஒன்றுக்குப் பலகை எழுதப் போயிருந்தார். மேல்மலைக் கோடியில் இருக்கிற கிளாவரைப் பக்கத்திலிருந்து மாட்டின் மேலும் மனிதர் மேலுமாக இறங்கி வந்த மூட்டைகளை அங்கே லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆண்களோடு ஆணாக ஒரு பொம்பளை, ஐம்பது வயதிருக்கும், மூட்டையைச் சுமந்து வந்து போட்டுவிட்டு மூச்சுக்கூட வாங்காமல் அடுத்த மூட்டைக்குத் திரும்பினாள். பலகையில் 'டீ' என்ற எழுத்தோடு வேலை நின்றுவிட்டது. கந்தவேல் பழுப்புத் தாளை எடுத்து அவளை எழுத ஆரம்பித்தார். நாலைந்து தாள் ஆனதும் அவளே வந்து எட்டிப் பார்த்தாள். இது யாரு என்று கேட்டாள். நீங்கதான் அக்கா என்றார்.

"நான் இப்பிடி நின்னா, மூட்டை என்னையத் தூக்கிட்டுப் போயிரும்," என்றாள்.

முப்பது வருஷமாக மனிதனை எழுதுகிறவனிடம் ஒரு மூட்டை தூக்குகிறவள் சொன்ன சொல் அது. கோபம்தான் வந்தது அவருக்கு. எங்கே தப்பு என்று கேட்டார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்வதில் அவளுக்கு நம்பிக்கையும் இல்லை. திரும்பி நில்லுங்க தம்பி என்று சொல்லி, ஒரு மூட்டையை அவர் முதுகில் ஏற்றிக் கயிற்றைத் தோளில் போட்டுவிட்டாள். இருபது எட்டுப் போவதற்குள் கந்தவேல் பலகையின்மேல், ஈரமான 'டீ'யின்மேல் விழுந்தார். லாரிக்காரர்கள் சிரித்த சிரிப்பு அடுத்த வளைவு வரை கேட்டிருக்கும். ஆனால் அந்த இருபது எட்டில் அவருக்கு ஒன்று தெரிந்துபோனது. தோள் பாரத்தை வெறுமனே தாங்கிப்பிடிக்கிறது, அவ்வளவுதான். பாரம் போய் உட்காருகிற இடம் எதிர்க்கால் குதி. எலும்புக்கூட்டுப் படத்தில் இது இல்லை. அதுவரை எழுதிய சுமைகாரர்கள் அத்தனை பேரும் வெறும் பஞ்சு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அன்றைக்கு எழுதிய தாள்களையெல்லாம் டீக்கடை அடுப்புக்கே கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து ஒரு வைராக்கியம். தன் உடம்பு நின்று பார்க்காத எந்த நிலையையும் எழுதுவதில்லை என்று. செருப்புத் தைப்பவனை எழுதவேண்டும் என்றால் கோணிப்பை விற்கும் தஸ்தகீர் கடை வாசலில் அவன் பக்கத்திலேயே அரைநாள் குந்தியிருந்தார். குதிரைக்கு லாடம் அடிப்பவனுக்காகக் குதிரையின் காலை மடியில் வைத்து உதையும் வாங்கினார். இந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று பஜார் பேசியது. பெயிண்டருக்குப் பித்துப் பிடித்துவிட்டது, பழனிக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டால் சரியாகும் என்று தஸ்தகீரே ஒருநாள் சிவபாக்கியத்திடம் கவலையோடு சொன்னார். அவரே அந்த ஊர்க்காரர்தானே பாய் என்று அவள் சொன்னாள். கந்தவேல் யார் பேச்சையும் சட்டை செய்யவில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை கிளாவரைக்கே போய், பூண்டு மூட்டையோடு இறங்குகிற பாப்பம்மாளோடு தானும் அரை மூட்டை சுமந்து இறங்கினார். கயிறு அறுத்துத் தோலுரிந்த தன் தோளைச் சின்னக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து எழுதினார். அவளுடைய வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரற்கடை இறங்கியிருப்பதை அப்படித்தான் கண்டுபிடித்தார். நாற்பது வருஷப் பாரம் இறக்கிய இறக்கம் அது. மூட்டை இல்லாமல் வெறுமனே நிற்கும்போதும் அந்தத் தோள் மட்டும் எதையோ தூக்கிக்கொண்டே இருந்தது.

அதைத்தான் இப்போது மூடச் சொல்கிறார் சேனாதிபதி.

கந்தவேல் ஏணியிலிருந்து இறங்கினார். சேனாதிபதி பொறுமையாகக் காரணம் சொன்னார். மதுரையிலிருந்து வக்கீல் வீட்டுக் குடும்பங்கள் வரும், மதராஸிலிருந்து வருவார்கள், சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிற இடம். கிழவியாக இருந்துவிட்டுப் போகட்டும், மூட்டையும் இருக்கட்டும், அதுவும் ஒரு அழகுதான் என்று வைத்துக்கொள்ளலாம். பார்க்கிறவர்கள் இவர் என்ன ஹோட்டல் நடத்துகிறார் என்று கேட்டுவிடக் கூடாது. பிறகு அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"எங்க ஆத்தாளுக்கு உங்க கையாலதானேண்ணே போட்டீங்க. பச்சை ரவிக்கை. இன்னைக்கும் வீட்டுல மாட்டிக் கெடக்கு. எங்காத்தாளுக்குப் போட்ட கை, இவளுக்குப் போட்டாத் தேஞ்சிருமா?"

கந்தவேலுக்கு அந்தப் போட்டோ நன்றாக நினைவிருந்தது. ஒல்லியான அம்மாள்; கழுத்தெலும்புக்குக் கீழே ஒரு பழைய சூட்டுத் தழும்பு. பச்சையில் அது காணாமல் போனது.

"உங்காத்தாளுக்குப் போட்டது தப்பு மொதலாளி," என்றார். "அன்னைக்கு எனக்குச் சோறு வேணும், போட்டேன்."

சேனாதிபதியின் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் மரியாதை குறையவில்லை. வத்தலக்குண்டில் ஒருவரிடம் இதே அளவில் ஏரிப் படம் ஒன்று தயாராக இருக்கிறது, வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இந்தச் சுவரில் ரவிக்கை இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்த ஏரி இருக்கும் என்றார். கந்தவேல் அப்போதே ஏரியை மாட்டிக்கொள் என்று சொல்லிவிட்டு நடந்திருக்கவேண்டும். மனசுக்குள் அப்படித்தான் நடந்தார். வாய் மட்டும், யோசித்துச் சொல்கிறேன் என்றது. நாற்பது வருஷமாக அவர் எழுதிய ஆட்களில் ஒருவருக்குக்கூடச் சுவர் கிடைத்ததில்லை. பலகைக்குச் சுவர் உண்டு, சாமிக்கு உண்டு, ஏரிக்கு உண்டு. ஒரு மனித உடம்பு முதல் தடவையாகப் பரணிலிருந்து இறங்கி நாலு பேர் பார்க்க நிற்கப்போகிறது. அரை மணி நேர வேலை, ஒரு கிண்ணம் பச்சை, அவ்வளவுதான் விலை. மறுத்துவிட்டால் இந்த வயதுக்குப் பிறகு இன்னொருவர் பன்னிரண்டடிச் சுவரைத் தூக்கிக் கொடுப்பாரா?

வீட்டில் சிவபாக்கியம் எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டபடியே கீரை ஆய்ந்தாள். கடைசியில், போட்டால் சுவரில் இருக்கும், போடாவிட்டால் பரணில் கிடக்கும், பரணில் ஏற்கெனவே நானும் கிடக்கிறேன், துணைக்கு ஆச்சு என்றாள். அவள் கேலி பண்ணுகிறாளா வருத்தப்படுகிறாளா என்று முப்பது வருஷம் கழிந்தும் அவருக்குப் பிடிபடுவதில்லை. பிறகு கீரையை அலசப் போனவள் வாசற்படியில் நின்று ஒன்று கேட்டாள்.

"அது அவுக தோளுதானே. அவுகளக் கேட்டீகளா?"

கேட்கவில்லை. அது இப்போதுதான் உறைத்தது. உறைத்த கையோடு இன்னொரு கள்ளத்தனமான ஆறுதலும் வந்தது: போட்டுவிடுங்கள் என்று பாப்பம்மாளே சொல்லிவிட்டால் பழி தன் தலையில் விழாது. மறுநாள் பஸ் ஏறி அவர் பெருமாள்மலைக்குப் போனது பாதி அந்த ஆசையில்தான். பாப்பம்மாள் சுமை தூக்குவதை விட்டு ஒரு வருஷமாகியிருந்தது. கிளாவரையை விட்டு, லாரிகள் திரும்புகிற வளைவுக்குப் பக்கத்தில் மகள் சின்னத்தாயி வீட்டுக்கு வந்துவிட்டாள். வெயிலில் மொச்சையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தவளிடம் அவர் விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தார். அவள் மொச்சையைக் கிளறிவிட்டபடியே இருந்தாள்.

"படத்துல நான் எப்பிடி இருக்கேன்னே தெரியாது. பாக்காம என்னத்தச் சொல்ல?" என்றாள். "வெள்ளிக்கிழம வெள்ளனே வாறேன்."

வெள்ளிக்கிழமை எட்டரை மணிக்குக் கந்தவேல் ஹாலில் இருந்தார். வாசலில் வாழை மரம் கட்டியாகிவிட்டது. சமையற்கட்டில் கேசரி கிண்டுகிற நெய் வாசனை வந்தது. மேசைகளுக்கு வெள்ளைத் துணி விரித்துக்கொண்டிருந்தவர்கள் ஏணியைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். முந்தின இரவு அவர் தூங்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். நன்றாகத் தூங்கினார், அதுதான் அவருக்கு வெட்கமாக இருந்தது. எழுந்ததும் முதல் வேலையாகப் பச்சையைக் குழைத்துக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்று. எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துவைக்கிற சாமான் பாதி செலவான மாதிரிதான். ஏணிக்கடியில் அந்தக் கிண்ணத்தைப் பார்த்த சேனாதிபதி திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வாசல் பக்கம் போனார்.

ஒன்பது மணிக்குப் பாப்பம்மாள் வந்தாள். கந்தவேலுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. எண்ணெய் வைத்து வாரிய தலை, வெளுத்த சேலை, அதற்குள் கருஞ்சிவப்பில் ஒரு புது ரவிக்கை. பெரிய மனிதர்கள் வருகிற ஹோட்டலுக்குள் வெறும் தோளோடு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று சின்னத்தாயி ஒரே நாளில் தைத்து வாங்கிப் போட்டுவிட்டிருக்கிறாள். அவள் கணக்கும் தப்பவில்லை. காவல்காரன் யாரோ விருந்தாளியின் தாயார் என்று நினைத்து உள்ளே விட்டுவிட்டான். அறுபத்திரண்டு வயதில் முதல் ரவிக்கை. இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு, ஈரத்துணி உடுத்தியவள் போல நடந்துவந்தாள்.

சேனாதிபதிக்குக் கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆகிவிட்டது.

"பாத்தீங்களாண்ணே. அவுகளே மாறிட்டாக. நாம எதுக்குப் பழசைப் பிடிச்சுத் தொங்கணும்?"

இதுதான் பாப்பம்மாளின் பதில் என்று கந்தவேல் நினைத்தார். வாயால் சொல்லவேண்டாம் என்று போட்டுக்கொண்டே வந்துவிட்டாள். பன்னிரண்டு வருஷமாகத் தான் எழுதிய ஆள் இவள் இல்லையோ, தன் பிடிவாதத்தைத்தான் அவள் தோள்மேல் ஏற்றி எழுதிவிட்டோமோ என்று முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. குனிந்து கிண்ணத்தை எடுத்தார். தூரிகையைப் பச்சையில் தோய்த்தார். நாற்பது தாய்மார்களுக்குப் பழகிய கை, நடுங்கக்கூட இல்லை. அந்தக் கையை அவர் அப்போது வெறுத்தார்.

பாப்பம்மாள் படத்துக்கு முன்னால் வந்து நின்றாள். மேலே பார்க்கவில்லை, முதலில் காலைப் பார்த்தாள். தன் அளவே இருந்த அந்த இடது குதிகாலில் பாரம் இறங்கியிருக்கிறதா என்று, சந்தையில் மாடு பிடிக்கிறவள் போலப் பார்த்தாள். இருந்தது. பிறகு முழங்கால், இடுப்பு, கயிற்றைப் பிடித்த விரல்கள். தோளுக்கு வந்ததும் அவள் பார்வை நின்றுவிட்டது. மேசைத்துணி விரித்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவளுடைய இடது கை மெல்ல எழும்பி, ரவிக்கைக்கு மேலாகத் தன் வலது தோளைத் தடவியது.

"விடிஞ்சதுலேருந்து இது அறுத்துக்கிட்டே கெடக்கு," என்றாள். "என்னடா சங்கதின்னு எனக்குப் புரியல. இப்பத்தான் தெரியிது. தையக்காரன் ரெண்டு தோளும் ஒண்ணுன்னு நெனச்சுத் தச்சுப்புட்டான்."

கந்தவேல் தூரிகையைத் தாழ்த்தினார்.

"நீங்க சரியாத்தான் எழுதிருக்கீக தம்பி. தப்பு துணியிலதான்."

சேனாதிபதி குறுக்கிட்டு, அளவு சொல்லி வேறு தைத்துக்கொள்ளலாம் ஆத்தா என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். பாப்பம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. லாரியில் மூட்டையைத் தப்பாக அடுக்குகிறவனை அவள் பார்க்கிற பார்வைதான். எனக்குத் தைக்கிறது சரி, சுவரில் இருக்கிற இவளுக்கு எதற்கு, இவள் உங்களிடம் வந்து துணி கேட்டாளா என்று கேட்டாள். பிறகு, இந்தக் கதவு எங்கே போகிறது என்று சமையற்கட்டுக் கதவைக் காட்டி விசாரித்துவிட்டு, உள்ளே போய்ச் சாத்திக்கொண்டாள்.

கீழே ஏரிச் சாலையில் கார்கள் வளைந்து ஏறுகிற சத்தம் கேட்டது. சேனாதிபதி ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சீக்கிரமே வந்துவிட்டார்கள் என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்.

கதவு திறந்தபோது பாப்பம்மாள் பாப்பம்மாளாக வந்தாள். முந்தானை மார்பைச் சுற்றி இடுப்பில் இறுகியிருந்தது. மடித்த ரவிக்கை கையில் இருந்தது; அதைப் பக்கத்து மேசையில் வெள்ளைத் துணியின்மேல் வைத்தாள். தோள் இரண்டும் அதனதன் இடத்தில் இருந்தன, ஒன்று மேலும் ஒன்று கீழுமாக. அவள் நடந்துபோய்ப் படத்தை ஒட்டி, சுவரில் முதுகு படாமல் நின்றுகொண்டாள். சேனாதிபதி சட்டென்று முகத்தைத் திருப்பினார். திருப்பியவர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, கடைசியில் பார்த்தார்.

ஜன்னல் வெளிச்சம் நேராக அவள் வலது தோளில் விழுந்தது. கந்தவேல் பார்த்தார். அந்தத் தோளில் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தார். கறுத்த காய்ப்பின் குறுக்கே, ரவிக்கையின் தையல் விடியற்காலையிலிருந்து அழுத்திக் கிடந்த இடத்தில், புதிதாக ஒரு சிவந்த கோடு எழும்பியிருந்தது. நாற்பது வருஷக் கயிறு போட்ட தழும்புக்கு மேலே நாலு மணி நேரத் துணி போட்ட கீறல். அவர் பச்சைக் கிண்ணத்தைக் காலால் ஓரம் தள்ளினார். வண்ணப் பலகையில் சிவப்பைப் பிதுக்கி, அதில் கருப்பை ஒரு பொட்டுச் சேர்த்து, இன்னும் கொஞ்சம் சிவப்பை இழுத்துக் குழைத்தார். இப்போது கை நடுங்கியது. அது அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

வாசலில் கார்க் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. செருப்புச் சத்தங்கள் படியேறின. சேனாதிபதி ஹால் கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தார். திறக்கவும் இல்லை, போடவும் இல்லை.

"வெரசா எழுதுங்க தம்பி," என்றாள் பாப்பம்மாள், அசையாமல். "இது செத்த நேரத்துல மறைஞ்சிரும்."

கந்தவேல் ஏணியில் ஏறினார். வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, படத்துத் தோளின்மேல் அந்தச் சிவப்புக் கோட்டின் முதல் நுனியை வைத்து இழுத்தார்.